இலையைத் திருப்பிப் பார்க்கிறவள்

இலையைத் திருப்பினாள். அடியில் ஒன்றுமில்லை. விட்டாள். அடுத்த இலை. அதிலும் ஒன்றுமில்லை. கட்டைவிரல் மேலே, இரண்டு விரல் கீழே, ஒரு சுண்டு, இலை மல்லாந்தது. நடைபாதை ஓரத்து நாற்றுத் தட்டில் கை பட்டபோது ஏதோ ஒன்று மேலே எழுந்தது. தூசி போல. ஆனால் தூசி காற்று போகிற பக்கம் போகும். இது காற்றை மதிக்காமல் நாலு நாற்று தள்ளிப் போய் இன்னோர் இலைக்கு அடியில் நுழைந்துகொண்டது.

அவள் மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, அந்த இலையின் அடிவயிற்றைக் கீழிருந்து பார்த்தாள். வெள்ளையாக, குருணையில் பாதி இருக்கும். இறக்கைகளைக் கூரை போல மடித்துக்கொண்டு, வாடகை கொடுத்துவிட்டு வந்தது போல உட்கார்ந்திருந்தது.

"வந்துடுச்சு," என்றாள்.

மறு கோடியில் பூவாளியோடு நின்ற சின்னவள் திரும்பினாள். "என்னக்கா வந்துச்சு?"

"வெள்ளை ஈ."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானே."

"ஒண்ணு மட்டும் தனியா வருமா? இது கூட்டத்துக்கு எடம் பாக்க வந்தது."

சின்னவள் பூவாளியைக் கீழே வைத்தாள்.

அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பெரியவள். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் சின்னவள். ஓரகத்திகள். ஆனாலும் சண்டை கிடையாது. சண்டை போட ஒருவர் ஓரிடத்தில் நிற்க வேண்டும், பெரியவள் நிற்பதில்லை என்பது பெரியவளின் கொழுந்தன், சின்னவளின் கணவன், சொல்கிற காரணம். ஊர் ஓரத்தில், டயர் கடைக்குப் பின்னால், இரண்டு வலைக்குடில்கள். பெரியதில் கொழுந்தனின் தக்காளிச் செடிகள் கயிற்றில் ஏறி ஆள் உயரத்துக்குக் காய்த்து நின்றன. சின்னதில் நாற்றுகள். நடுவே ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் இரும்பு மேசை, மேசை நிறையக் கறுப்புக் குழித்தட்டுகள், மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கும், பூச்சி பிடிக்கும் மஞ்சள் பசை அட்டைகள். இந்தச் சின்னது சின்னவளுடையது. அவள் வாழ்க்கையில் அவளே கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான். "நான் நாத்து விட்டுப் பாக்கறேன்" என்று அவள் சொன்னபோது கொழுந்தன் சாப்பிட்டுக்கொண்டே "பாரேன்" என்றான். அந்த ஒரு சொல்லை அவள் எழுதாத பத்திரமாக வைத்திருந்தாள்.

பெரிய தோட்டம் ஒன்று நாற்று கேட்டிருந்தது. வார முடிவில் அந்தத் தோட்டத்து மேற்பார்வைக்காரி நேரில் வந்து பார்ப்பாள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பாளாம். ஒரு வெள்ளை ஈ கண்ணில் பட்டால் ஒரு தட்டுகூட எடுக்கமாட்டாளாம். நாற்று போகாவிட்டால் இடத்துக்காரர் குடிலைப் பிரித்துவிட்டுக் கார் நிறுத்த ஷெட் போடுவார். ஏற்கெனவே ஒரு நாள் அளவு நாடாவோடு வந்து, நலம் விசாரிப்பது போல நீளமும் அகலமும் அளந்துகொண்டு போயிருந்தார்.

வெள்ளை ஈ உறிஞ்சுவதால் மட்டும் நாற்று சாகாது. வேறெங்கோ நோயுள்ள செடியைக் குத்திய வாயோடு வந்து இதைக் குத்தும். நாற்று அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. பச்சையாகச் சிரித்துக்கொண்டு நிற்கும். வயலுக்குப் போய் வேர் பிடித்த பிறகுதான் நுனி இலை கிண்ணம் போல மடியத் தொடங்கும். அதோடு செடி வளராது. பூ உதிரும். வாங்கினவர்கள் விற்றவளைத் தேடி வருவார்கள்.

"தோட்டத்தம்மாகிட்ட போன்ல நீதானேக்கா சொன்னே," என்றாள் சின்னவள் மெதுவாக. "ஒவ்வொரு தட்டையும் நானே பாக்கறேன்னு."

"பாக்கத்தானே பாக்கறேன். பாத்ததாலதானே கண்ணுல பட்டுச்சு."

அது உண்மைதான். சின்னவள் பூவாளியை மறுபடி எடுத்தாள்.

*

பார்ப்பது பெரியவளின் தொழில். கல்யாணத்துக்கு முன்னிருந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங். நீள மேசை, மேலே ட்யூப்லைட், கன்வேயர் போல வந்துகொண்டே இருக்கும் சட்டைகள். காலரைத் திருப்பு, கையைத் திருப்பு, உள் தையலைத் திருப்பு. தையல் தாவியிருக்கிறதா, எண்ணெய்க் கறையா, ஊசி ஓட்டையா. குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அவள் விட்ட சட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று அங்கே பேச்சு. உட்கார்ந்து பார்ப்பவர்கள் நடுவே அவள் மட்டும் நின்று பார்த்தாள். மதியச் சாப்பாட்டையும் நின்றுதான் சாப்பிட்டாள். முதல் நாள் அவளுக்குச் சொல்லித்தந்தது ஒன்றே ஒன்று: சந்தேகமாக இருந்தால் இன்னொரு தடவை பார். பார்த்தால் துணி கெட்டுப்போகாது.

தொழிற்சாலை மூடியது. செக்கிங் அக்கா என்ற பெயர் மட்டும் மிச்சம்.

வீட்டில் இருக்க முடியவில்லை. ஒற்றை அறை, ஒரு சமையல் தடுப்பு. கணவர் முன்பு பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தவர். முழங்கால் போனபிறகு ஒரு குடியிருப்பில் இரவுக் காவல். பகல் முழுக்கத் தூக்கம். ஜன்னலுக்குக் கனத்த போர்வை. அந்த அரை இருட்டில் அவள் ஒரு தட்டை எடுத்தால் "என்ன சத்தம்?" என்பார். எடுக்காமல் நின்றால் "என்ன நிக்கறே?" என்பார். தூங்கும் மனிதர் எப்படி நிற்பதைப் பார்க்கிறார் என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

அதனால் அவள் வலைக்குடிலுக்கு வந்தாள். கணவரின் பழைய பார்சல் கம்பெனிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டாள். முழுக்கை, கனமான துணி, இரண்டு பை, பளிச்சென்ற மஞ்சள். பார்சல்காரன் வருவது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று போட்ட நிறம். ஒரு பையில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள், தொழிற்சாலை மூடிய நாளில் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தவை. இன்னொன்றில் கைக்குட்டை.

தக்காளி இலையைப் படிப்பது அவளுக்குச் சீக்கிரம் வந்தது. சட்டைதான், வேறு துணி. இலையில் வெள்ளைக் கோடு பென்சில் கிறுக்கல் மாதிரி வளைந்து வளைந்து போனால் உள்ளே ஒரு சின்னப் புழு சுரங்கம் வெட்டிக்கொண்டு போகிறது. பார்க்கத்தான் பயங்கரம், கீழ் இலையோடு கிள்ளி எறிந்தால் போதும். ஓட்டை விழுந்து, கீழ் இலையில் கறுப்புக் கடுகு போல எச்சம் கிடந்தால் கம்பளிப்புழு. பக்கத்திலேயே எங்காவது காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், தேடிப் பிடிக்க வேண்டும். இலை வெள்ளி பூசினது போல் மினுங்கினால் இலைப்பேன். கையில் பிசுபிசுவென்று ஒட்டி, அந்தப் பிசுக்கின் மேல் கரி படிந்தால் வெள்ளை ஈ. ஒவ்வொன்றுக்கும் அம்பு ஒட்டினாள். பெரிய குடிலில் செடியெல்லாம் சிவப்பு அம்பாக இருந்ததைப் பார்த்து, "அண்ணி, காய் பறிக்கறதா, அம்பு பறிக்கறதா?" என்று கேட்டான் கொழுந்தன்.

பெரிய குடிலில் வெள்ளை ஈ கொஞ்சம் எப்போதும் உண்டு. அங்கே செடிகள் வளர்ந்தவை, தாங்கும். இலை சுருண்டு முடங்கிய செடி ஒன்றிரண்டைக் கொழுந்தன் பிடுங்கிப் போட்டதும் உண்டு. காலையில் வந்ததும் அந்தக் குடிலைத்தான் பெரியவள் முதலில் பார்ப்பாள், ஏனென்றால் வாசலில் முதலில் இருப்பது அது. அதை முடித்துக்கொண்டு இரண்டு திரைகளைத் தாண்டி நாற்றுக் குடில். பிறகு மறுபடி பெரியது. மறுபடி சின்னது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

*

முதல் ஈயைப் பார்த்த நாளிலிருந்து அவள் தூக்கம் கெட்டது. எங்கிருந்து வருகிறது?

வலையில் ஓட்டை தேடினாள். நாலு பக்கமும் தடவிக்கொண்டே போனாள். ஒரு மூலையில் எலி கடித்தது போல நூல் விட்டிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் ஊசி நூல் எடுத்து வந்து, உள்ளும் வெளியும் இரட்டைத் தையல் போட்டாள். காலருக்குப் போடுகிற தையல். ஈ என்ன, காற்றே அனுமதி கேட்டுத்தான் வர வேண்டும்.

மறுநாள் மூன்று ஈ.

சுவரோரத்துக் களையெல்லாம் பிடுங்கினாள். வேரோடு பிடுங்கி, சாக்கில் கட்டி, கொழுந்தனின் வண்டியில் ஏற்றிவிட்டாள். நிமிர்ந்தபோது டயர் கடைப் பின்புறம் கண்ணில் பட்டது. பழைய லாரி டயருக்குள் மண் போட்டு ஒரு கத்திரிச்செடி. சுவரைச் சுற்றிக்கொண்டு போய் அதன் இலையைத் திருப்பினாள்.

டயர் கடைக்காரர் ஜாக்கியை விட்டுவிட்டு எழுந்து வந்தார். "என்னம்மா, என் செடிக்குப் பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"இதுல வெள்ளை ஈ இருக்கு."

"இருக்கட்டுமே. அதுங்க பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்."

"இங்கேருந்துதான் எங்க நாத்துக்கு வருது."

"பறந்தா வருது? நடுவுல எவ்வளவு பெரிய சுவர் இருக்கு."

"காத்துல வரும்ணே. இதை எடுத்துடுங்க."

"எடுத்துட்டு? இந்தக் கடையில பச்சையா இருக்கறது இது ஒண்ணுதாம்மா. மத்தது எல்லாம் கறுப்பு." அவர் சுற்றிலும் பார்த்தார். "நானும் உட்பட."

கடைசியில் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அவளே தெளிப்பதாக ஒப்பந்தம். தெளித்தாள். இலைக்கு அடியில் படும்படி குழாய் முனையை மேல் நோக்கிப் பிடித்து, இலை சொட்டுகிற வரை. அவர் பக்கத்தில் நின்று, "முகத்துல அடிச்சுடாதீங்க, அது கூச்சப்படும்" என்றார். அவள் சிரிக்கவில்லை. அப்படியே நாற்றுக் குடிலுக்குள்ளும் வெயில் தாழ்ந்தபிறகு தெளித்தாள். மஞ்சள் அட்டைகளை இரண்டு மடங்காகத் தொங்கவிட்டாள்.

மறுநாள் காலை, நடைபாதை ஓரத்துத் தட்டில் கையை வைத்தபோது ஒரு சிட்டிகைத் திருநீறு போல ஈக்கள் எழுந்தன.

"கிரேட்டுதான்," என்றாள். "சந்தையிலேருந்து திரும்பி வர்ற கிரேட்டுல ஒட்டிக்கிட்டு வருது."

கொழுந்தன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தான். "நேத்து டயர்க்காரர். முந்தாநாள் எலி. இன்னிக்கு நானா?"

"கழுவறியா?"

"கழுவறேன் அண்ணி. தெனமும் கழுவறேன். கிரேட்டு நாத்து ஷெட்டுக்குள்ள போறதே இல்லையே."

"நீ போறியே."

"நானா? என் பொண்டாட்டி என்னை உள்ளேயே விடமாட்டா. செருப்பைக் கழட்டு, கையைக் கழுவு, வாயை மூடு. கோயிலுக்குக்கூட இவ்வளவு இல்ல." அவன் பெட்டியைத் தலைகீழாகத் தட்டினான். "உள்ள போறது ரெண்டே பேருதான்."

ரெண்டே பேர் என்றதும் அவள் சின்னவளைப் பற்றி யோசித்தாள். தன்னைப் பற்றி யோசிக்கவில்லை. பார்க்கிற கண்ணுக்குத் தன் முதுகு தெரிவதில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனாள். கணவர் முதுகு காட்டிப் படுத்திருந்தார். நின்றாள். சமையல் தடுப்புக்குப் போனாள். திரும்பினாள். மணி பிளான்ட் கொடி ஜன்னலோரம் இருந்தது; அதன் இலையைத் திருப்பினாள்.

"அது பிளாஸ்டிக்," என்றார் கணவர், திரும்பாமல்.

"தெரியும்."

"ஒரு இடத்துல உக்காரேன். நீ உக்காந்தா பூமி சுத்தறது நின்னுடுமா?"

"அவ நாத்து போயிடும் போல இருக்கு."

அவர் புரண்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "தோட்டத்தம்மா என்னிக்கு வர்றா?" என்றார்.

"நாளைக்கு."

"அப்ப போய்ப் பாரு," என்றார். அவளைப் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் ஆறிய சோற்றை நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வழியில் பெரிய குடிலுக்குள் நுழைந்து, வேகமாக ஒரு வரிசை பார்த்துவிட்டு, நாற்றுக் குடிலின் திரையை விலக்கினாள்.

*

சின்னவள் மேசைகளுக்கு நடுவில் நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். இடது கை மேசையையும் வலது கை மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க ஒரு விஷயம் பாரேன். வலையோரமா இருக்கற தட்டுல ஒண்ணுமே இல்ல. வெளியில இருந்து வந்திருந்தா அங்கதானே மொதல்ல இருக்கணும். நடைபாதை ஓரம் ரெண்டு வரிசையில மட்டும் இருக்கு. ரெண்டு பக்கமும்."

"வெளிச்சம் பத்தாது அங்க. நான் பாக்கறேன்."

பெரியவள் எட்டி உள் தட்டைத் தொடப்போனாள். மேசை அகலம். கை இரண்டாவது தட்டு வரைதான் எட்டியது. மேலும் எட்டுவதற்காகக் குனிந்தாள்.

"அக்கா. அசையாதே."

"என்ன?"

"அசையாம நில்லு."

"பூரானா?"

"நில்லேன். தயவுசெஞ்சு."

பெரியவள் நின்றாள். பாதி குனிந்து, ஒரு கை மேசையில், ஒரு கை காற்றில். அவளுக்குக் கணுக்கால் துடித்தது. விரல் துடித்தது. எதிரே ஒரு நாற்றின் இலை லேசாக முறுக்கியிருந்தது போலத் தோன்றியது, அதைத் திருப்பிப் பார்க்கக் கை போனது. "ம்ஹும்" என்றாள் சின்னவள் பின்னாலிருந்து. கை திரும்பி வந்தது. ஏதோ தாள் உரியும் சத்தம். பிறகு முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, யாரோ உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பது போல ஓர் அழுத்தம். பிறகு சட்டைத் துணியைப் பிடித்து இழுப்பது போல, சர்ரென்று உரியும் ஒலி.

"இப்பத் திரும்பு."

சின்னவள் கையில் புதிதாகப் பிரித்த ஒரு பசை அட்டை. அதன் மஞ்சளில், சட்டையின் நூல் பிசிறுகளோடு, வெள்ளைப் புள்ளிகள். சில இன்னும் காலை உதைத்துக்கொண்டிருந்தன. சின்னவள் அட்டையைத் தூக்கிச் சட்டைக்குப் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒரே நிறம். கடையில் அளந்து வெட்டிக்கொடுத்தது போல.

சின்னவள் முதலில் சிரித்தாள். அழுகைக்கு முன்னால் வருகிற சிரிப்பு. "மஞ்சளைப் பாத்தா ஈ வரும்னு நாம அட்டை வாங்கி வாங்கித் தொங்கவிட்டோம். நீயே ஒரு அட்டைக்கா. பசை மட்டும் இல்ல. பெரிய ஷெட்டுல ஏத்திக்கிட்டு வந்து இங்க இறக்கி விட்டுட்டுப் போயிருக்கே."

பெரியவள் அட்டையை வாங்கி, ட்யூப்லைட் மேசையில் சட்டையைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் வெறும் மஞ்சள். வாசலில் முதலில் இருக்கிறது என்று முதலில் பார்த்த பெரிய குடில். அதிலிருந்து நேராக இங்கே. ஈ அதிகமானதும் இன்னும் அடிக்கடி. இன்னும் அடிக்கடி பார்த்ததால் இன்னும் அதிகமான ஈ. நாற்றுதானே முதலில், காய்ப்புச் செடி கடைசியில் என்று இருக்க வேண்டும். இளசு முதலில், முற்றல் பிறகு. அதைக்கூட யோசிக்கவில்லை. சட்டையை எத்தனை முறை பார்த்தாலும் சட்டை சட்டையாகவே இருக்கும் என்ற இடத்திலிருந்து வந்தவள்.

சட்டையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் சுருட்டி, திரைக்கு வெளியே எறிந்துவிட்டு வந்தாள்.

"சரி," என்றாள் சின்னவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று வேறு ஆளானாள். "சோப்புத் தண்ணி கலக்கு. ஓரத்துத் தட்டு பூரா அடியில படற மாதிரி அடிப்போம். காலையில இன்னொரு தடவை. அந்தம்மா வர்றதுக்குள்ள ஒரு ஈ இருக்காது."

"ஈ இருக்காது."

"அப்புறம் என்ன?"

பெரியவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஸ்டிக்கர் பை சட்டையோடு போய்விட்டது ஞாபகம் வந்தது. வெளியே போய்ச் சட்டையைக் காலால் விரித்து, பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை மட்டும் உருவிக்கொண்டு வந்தாள். நடைபாதை ஓரத்து முதல் தட்டின் விளிம்பில் ஓர் அம்பு ஒட்டினாள். அடுத்ததிலும். உள்பக்கம் இரண்டாவது வரிசையிலும். கை எட்டிய தட்டுகள். கை எட்டாதவற்றை விட்டாள்.

சின்னவள் கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

"என்ன பண்றே?"

"இதெல்லாம் குத்துப்பட்டது. நட்டா முடங்கும்."

"எல்லாமா முடங்கும்?"

"எது முடங்கும் எது முடங்காதுன்னு இன்னிக்குத் தெரியாது."

"தெரியாதுல்ல? அந்தம்மாவுக்கும் தெரியாது. கண்ணாடி வெச்சுப் பாத்தாலும் தெரியாது." சின்னவளின் குரல் ஏறியது. "பாதிக்கு மேலக்கா இது. பாதியைத் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தைக் காட்டினா எடுப்பாளா? இல்ல இடத்துக்காரர்தான் பாதி ஷெட்டுல பாதி காரை நிறுத்துவாரா?"

பெரியவள் அடுத்த அம்பை உரித்தாள்.

"கெடுத்ததும் நீ. இப்பக் கழிச்சுக் கட்டறதும் நீயா?"

பெரியவளின் கை நின்றது. அவள் விட்ட சட்டை திரும்பி வந்ததில்லை என்று சொல்லலாம். அந்தச் சட்டைகள் அவளுடையவை அல்ல. தூக்கிப் போட்டது வேறு யாருடைய துணியையோ. இது சின்னவளுடைய முதல் பயிர். உரித்த அம்பு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நான் செஞ்சதுதான்," என்றாள். "அதனாலதான் எது எதுன்னு எனக்குத் தெரியுது. நான் தொட்டதுதான் கெட்டுது. தொடாததைக் கொடு."

"வெளிய போக்கா."

"ஒட்டிட்டு—"

"நான் பாத்துக்கறேன். நீ இனிமே இதுக்குள்ள வராதே."

சின்னவள் சத்தமாகச் சொல்லவில்லை. அதனால் பெரியவள் போனாள்.

*

வெளியே ஒரு பெட்டி கவிழ்த்துக் கிடந்தது. அதில் உட்கார்ந்தாள். எழுந்தாள். வலைக்கு அருகே போனாள். வெள்ளை வலைக்குள் சின்னவளின் நிழல் அசைந்தது. என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம். வாளியில் தண்ணீர் விழுந்தது. சோப்புக் கலக்குகிறாள். அடிக்கப்போகிறாள். பெரியவள் எழுந்து திரைவரைக்கும் போய் நின்றாள். வராதே என்று சின்னவள் சொல்லியிருந்தாள். மறுபடி பெட்டி.

டயர் கடைக்காரர் கடையைப் பாதி மூடிவிட்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். "என்னம்மா, உக்காந்துட்டீங்க? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லண்ணே."

"இல்ல, உக்காந்து பாத்ததில்ல, அதான்." கொஞ்சம் நின்றார். "என் செடியில இப்ப ஒண்ணுமில்ல. ஈ எல்லாம் போயிடுச்சு. எடுக்கணும்னா எடுத்துடறேன்."

"வேணாம். அது ஒண்ணும் பண்ணல."

"அப்ப யாரு?"

"நான்."

அவர் விளக்கம் கேட்பது போலப் பார்த்தார். அவள் குடில் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் தலை சுவருக்குக் கீழே இறங்கியது.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. தெளிக்கும் சீறல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. நெடுநேரம் எதுவுமே வரவில்லை. அந்தச் சத்தமின்மையில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து பெட்டியைச் சுற்றி நடந்தாள், எதிர்ப்பக்கமாகவும் நடந்தாள். பிறகு உள்ளே இரும்பு மேசையில் பிளாஸ்டிக் உராயும் ஒலி. ஒரு தட்டு. சற்று விட்டு இன்னொன்று. அதற்கப்புறம் பெரிய கறுப்புப் பையை உதறி வாய் திறக்கிற படபடப்பு. தட்டைக் கவிழ்த்து அடியில் தட்டும் சத்தம். நாற்றுகள் வேர்க்கட்டியோடு விழும், பொத்தென்ற மெல்லிய சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் அது கேட்டது.

பெரியவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

*

மறுநாள் காலை மேற்பார்வைக்காரி வந்தாள். கழுத்தில் உருப்பெருக்கி தொங்கியது. வலையோரத்துத் தட்டுகளை ஒவ்வொன்றாக இலை திருப்பிப் பார்த்தாள். நடுவில் ஏன் காலி என்று கேட்டாள். வெள்ளை ஈ வந்தது, எடுத்துவிட்டோம் என்றாள் சின்னவள். எடுத்தது எங்கே என்று கேட்டாள். வாய் இறுகக் கட்டிய கறுப்புப் பைகள் வெயிலில் கிடந்ததைச் சின்னவள் காட்டினாள். மேற்பார்வைக்காரி ஒரு பையைத் தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது, உள்ளே ஈ பிழைக்காது. இருக்கும் தட்டுகளை இப்போது எடுக்கவில்லை என்றாள். இன்னும் சில நாள் வைத்திருந்து, அட்டையில் ஈ ஏறாவிட்டால் எடுத்துக்கொள்வதாகவும், குறைகிற நாற்றுக்கு மறுபடி விதைக்கும்படியும் சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் இடத்துக்காரர் வந்தார். அளவு நாடா இல்லை. காலி மேசைகளைப் பார்த்தார். விதைத்திருக்கிறதா என்று கேட்டார். சின்னவள், விதைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். அவள் கையில் விதைத்தட்டில் நிரப்பும் தேங்காய்நார்த் தூள் ஒட்டியிருந்தது. இந்த விதைப்பு வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு அவர் டயர் கடைக்குப் போய் வண்டிக்குக் காற்று அடித்துக்கொண்டார்.

பெரியவள் கணவரின் பழைய வெள்ளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு பெரிய குடிலில் இருந்தாள். கீழ் இலைகளைக் கிள்ளிப் பையில் போட்டாள். கோடு விழுந்த இலை, பிசுக்கு ஏறிய இலை எல்லாவற்றையும். மூன்று வரிசை முடிந்தது. நாற்றுக் குடில் பக்கம் போகவில்லை. சின்னவள் ஒரு தடவை திரைக்கு வெளியே வந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றாள். சின்னவள் உள்ளே போய்விட்டாள். பொழுது சாய்ந்ததும் பெரியவள் கைகழுவிவிட்டு, குழாயை இறுக்கி மூடிவிட்டு, வீட்டுக்குப் போனாள்.